எக்ஸ்பிரஷன் பெடல் கடைசியில் மட்டும் பாய்கிறது, உதவுங்கள்

அண்ணாமார், கல்லடியிலிருந்து எழுதுகிறேன். கிட்டார் எஃபெக்ட்ஸ் புரொசெசரில் வேறு கம்பனியின் எக்ஸ்பிரஷன் பெடலை (காலால் அழுத்தி ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும் பெடல்) செருகினேன். அழுத்த அழுத்த அளவில் அசைவே இல்லை; கடைசி விரற்கடையில் 0 இலிருந்து உச்ச அளவான 127க்கு ஒரே பாய்ச்சல். கேபிள் மோனோ இல்லை, ஸ்டீரியோதான்; பிளக்கில் இரண்டு கறுப்பு வளையமும் எண்ணிப் பார்த்துவிட்டேன்.

டிப் (பிளக்கின் நுனி), ரிங் (இரண்டு கறுப்பு வளையத்துக்கும் இடையிலுள்ள உலோகப் பகுதி) இணைப்பு கம்பனிக்குக் கம்பனி மாறும், அதில்தான் என் சந்தேகம். கேபிளின் ஒரு முனையில் அந்த இரண்டு வயரையும் மாற்றிப் பற்றவைத்தால் போதுமா, பெடலையே திறக்க வேண்டுமா? (பற்றவைக்க வரும், அழகாக வராது.)

அப்புறம், மிடி ஃபுட் கொன்ட்ரோலரில் (காலால் அழுத்தி புரொசெசரின் டோனை மாற்றும் கருவி) புரோகிராம் 1 அனுப்பினால் 2ஆவது டோன் வருகிறது. ஒன்று 0 இலிருந்து எண்ணுகிறது, மற்றது 1 இலிருந்து. சரி, அதை ஒன்று குறைத்து அனுப்பிச் சமாளிக்கிறேன். பெடல்தான் தலையிடி.

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், பெடலோடு வருகிறேன். சனிக்கிழமை வாசிக்க வேண்டும்.