ரிபிள்ஹெட் எந்தக் கிழமை?

லீட்ஸ் அக்கா: அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் விசா வந்தாச்சு 🙏 கிரகப்பிரவேசம் 4ம் தேதி வெள்ளி. இன்னிக்கு ராத்திரி டிக்கெட் போடணும். திரும்பி வர தேதி சொல்லுங்க

சித்தப்பா: 👏👏

அத்தை: முருகா! அண்ணனுக்கு எத்தனை வருஷ ஆசை

சித்தப்பா: தீபாவளிக்குள்ள வந்துடணும். பத்திரம் விஷயம் பாக்கி இருக்கு

அத்தை: அந்தப் பேச்சு இங்க வேணாம்டா

குட்டி: பெரியப்பா மல்லார்டு இன்ஜின் பாக்கப் போறாரு 🚂🚂

பெரியப்பா: விசேஷம் நல்லபடியா முடியட்டும். அப்புறம் எனக்கு ரெண்டு நாள் போதும். ஒரு நாள் யார்க் ரயில் மியூசியம். மல்லார்டு அங்கதான் நிக்குது. 1938 ஜூலை 3ல மணிக்கு 126 மைல் ஓடிச்சு. நீராவி இன்ஜின்ல அந்த சாதனை இன்னும் அப்படியே இருக்கு. இன்னொரு நாள் ரிபிள்ஹெட் பாலம். லீட்ஸ்லயே ஏறி அந்த ஸ்டேஷன்லயே இறங்கலாம். 24 வளைவு, 104 அடி உயரம். 1870ல கட்ட ஆரம்பிச்சாங்க. தொழிலாளிங்க அந்தச் சேத்துல குடிசை போட்டு, பொண்டாட்டி பிள்ளையோட இருந்தாங்க. அம்மை வந்து நிறைய பேர் போயிட்டாங்க. பக்கத்துல சேப்பல்-லி-டேல்ல புதைச்சிருக்கு. அங்க கொஞ்சம் பூ வைக்கணும்.

சித்தப்பா: குளிரு அண்ணே

அத்தை: அண்ணி முழங்காலுக்கு அதெல்லாம் ஆகாது

லீட்ஸ் அக்கா: அம்மா வீட்ல இருக்கட்டும் அத்தை. அப்பாவோட யார் போறதுன்னுதான் தெரியல. எனக்கு லீவு கிடைக்காது

பெரியப்பா: தனியாவே போவேன். லைன் மேப் மனப்பாடம். அந்தப் பாலம் தண்ணி இறங்கி நைஞ்சுபோச்சு, லைனையே மூடப்போறோம்னு 1980கள்ல சொன்னாங்க. ஆயிரக்கணக்குல ஆட்சேபம் எழுதினாங்க. அதுல ரஸ்வார்ப்னு ஒரு நாயோட கால்ரேகையும் உண்டு. டிக்கெட் எடுத்துப் போன நாய், அதனால ஏத்துக்கிட்டாங்க. 1989ல லைன் தப்பிச்சுது.

குட்டி: நாயா??? 😍

பெரியப்பா: மறுவருஷம் அதோட எஜமான் வேல்ஸ் மலையில நடக்கப் போய் இறந்துட்டார். கண்டுபிடிக்க 11 வாரம் ஆச்சு. அத்தனை நாளும் குளிர்ல உடம்புப் பக்கத்துலயே இருந்துச்சு. கார்ஸ்டேல் ஸ்டேஷன்ல அதுக்கு வெண்கலச் சிலை வச்சிருக்காங்க.

அத்தை: நம்ம மணி மாதிரி. அப்பா போனப்புறம் எட்டு நாள் திண்ணையை விட்டு இறங்கல

சித்தப்பா: மணி கருப்பு

அத்தை: செவலைடா. கருப்பு அதுக்கு முந்தினது

சித்தப்பா: போட்டோ இருக்கு. தேடுறேன்

லீட்ஸ் அக்கா: டிக்கெட்!!

அத்தை: போடும்மா. ஆனா 4ம் தேதி உங்கப்பா வீட்ல இருக்காரான்னு பாத்துக்க. என் நிச்சயத்துக்கு மறுநாள் காலையிலதான் வந்தாரு

குட்டி: 🙊

பெரியப்பா: என்னை மாத்திவிட ரிலீவர் வரல தங்கச்சி. சிங்கிள் லைன், டோக்கன் கையில வாங்காம டிரைவர் அதுல வண்டியை விடக் கூடாது. கடைசி வண்டிக்கு டோக்கன் கொடுக்க என்னைத் தவிர ஆள் கிடையாது. 1874ல இங்கிலாந்துல நார்விச் பக்கம் தோர்ப்ல ஒரு தந்திக் குழப்பத்துல ரெண்டு வண்டியும் ஒரே லைன்ல எதிரெதிரா விட்டுட்டாங்க. ராத்திரி, மழை. மோதிடுச்சு. அதுக்கப்புறம்தான் டையர்ங்கறவர் டேப்லெட் கருவி செஞ்சாரு. டேப்லெட்னா டோக்கன் மாதிரி ஒரு தகடு, ஒண்ணு வெளிய இருந்தா இன்னொண்ணு வராது. நம்ம டோக்கனும் அதே வழிதான். முப்பத்தி நாலு வருஷம் அந்த இரும்பு உருண்டையைக் கையில வாங்கறப்பல்லாம், அங்க செத்தவங்களாலதான் இங்க ஜனங்க பத்திரமா போறாங்கன்னு நினைச்சுப்பேன். அந்த நாட்டு ரயிலை நான் விரும்பறது இன்ஜின் அழகுக்கு மட்டும் இல்ல.

(பத்து நிமிஷம் யாரும் எழுதல)

அத்தை: இத்தனை வருஷமா இதைச் சொல்லலையே அண்ணே

பெரியப்பா: நீ கேக்கல. நான் வந்திருக்கணும்தான்.

அத்தை: சரி விடுங்க. அந்தப் பிள்ளைங்களுக்கு என் பேர்லயும் ஒரு பூ வைங்க

குட்டி: அக்கா நான் அப்ப லண்டன்ல இருப்பேன். சனிக்கிழமைன்னா நான் கூட்டிட்டுப் போறேன்

லீட்ஸ் அக்கா: சனி மாமனார் வீட்டு ஆளுங்க இருப்பாங்களே

பெரியப்பா: ஞாயிறு வண்டி நேரம் வேற. பாத்துச் சொல்றேன்.

சித்தப்பா: மணி போட்டோ கிடைச்சிருச்சு

சித்தப்பா: செவலைதான்

லீட்ஸ் அக்கா: திரும்பி வர தேதி யாருமே சொல்லல 😭