மலிவு எலக்ட்ரிக் கிதார்: உடல் என்ன மரம்னு எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல்) வகை கிதார் ஒன்று கையில் இருக்கிறது, பெயிண்ட் கெட்டியாக அடித்திருப்பதால் உள்ளே என்ன மரம் என்றே தெரியவில்லை. பிக்கப் (தந்தி அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்), பிரிட்ஜ் (உடலில் தந்திகளைத் தாங்கும் பாகம்) மாற்றலாம் என்று ஆசை. பிளைவுட் என்றால் காசு வீணா?

பதில் 1:
தந்திகளைத் தளர்த்திவிட்டு நெக்கை, அதாவது கழுத்துப் பகுதியை, கழற்றிப் பாருங்கள், அது பொருந்தியிருந்த குழியில் பெரும்பாலும் பெயிண்ட் குறைவாக இருக்கும். பின்பக்க ஸ்பிரிங் மூடிக்கு அடியிலும் பாருங்கள். அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் பிளைவுட். ரேகையே இல்லாத வெளிர் மரம், நகம் அழுத்தினால் பதிகிறது என்றால் பாஸ்வுட்டாக இருக்கலாம். பச்சை சாயல் ஓடினால் பாப்லர். அகாதிஸ் கொஞ்சம் பழுப்பாக இருக்கும். கறுப்பு ஷீல்டிங் பெயிண்ட் (மின் இரைச்சலைத் தடுப்பது) பூசியிருந்தால் திருகு துளையில் வரும் தூளைத்தான் பார்க்க வேண்டும்.

பதில் 2:
மரத்தை விடுங்கள் நண்பரே! ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வழியாக வரும் சத்தத்தில் பிக்கப்பும் அதன் உயரமும் செய்யும் வித்தியாசம்தான் பெரிது, பிளைவுட்டிலும் நல்ல பிக்கப் நன்றாகவே பாடும். அதைவிட உடலின் தடிமனை அளந்து பாருங்கள். வழக்கமான ஸ்ட்ராட் சுமார் 44 மி.மீ., மலிவானவை மெல்லியதாக வருவதுண்டு, அப்போது புது பிரிட்ஜின் பிளாக் (அடியில் உள்ள உலோகக் கட்டி) பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும். எனக்கு நடந்தது.

கேட்டவர்:
கழற்றிப் பார்த்தேன், அடுக்கு இல்லை, பச்சைக் கோடு இருக்கிறது. தடிமன் 40தான். சரி, முதலில் பிக்கப் மட்டும்.