பழைய நகைச்சுவைத் தொடர்களின் மறுவருகை: உங்கள் கருத்து வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். வெள்ளவத்தையில் நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவது வழக்கம். பழைய ஆங்கில நகைச்சுவைத் தொடர்களை மீண்டும் எடுக்கும்போது அவை மூலத்துக்கு ஈடாகின்றனவா என்பதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது.

1993 முதல் 2004 வரை ஓடிய ‘ஃபிரேசியர்’ 2023இல் திரும்பியபோது ஆவலோடு பார்த்தேன். நாயகன் ஃபிரேசியராக நடித்த கெல்சி கிராமர் அதே மிடுக்குடன்தான் இருக்கிறார். ஆனால் தம்பி நைல்ஸாக நடித்த டேவிட் ஹைட் பியர்ஸ் அதில் சேரவில்லை, தந்தையாக நடித்த ஜோன் மஹோனி 2018இலேயே காலமாகிவிட்டார். படித்த பெருமையில் அண்ணனும் தம்பியும் வாய்ச்சண்டை பிடிக்க, தந்தை தமது பழைய சாய்வு நாற்காலியில் இருந்தபடியே இருவரையும் அடக்கும் அந்தச் சுவை இல்லாத தொடர், இரண்டு பருவங்களோடு நின்றுபோனதில் எனக்கு வியப்பில்லை. 1975இல் தொடங்கிய ‘ஒன் டே அட் எ டைம்’ 2017இல் கியூப வம்சாவளிக் குடும்பமொன்றின் கதையாக வந்தது. பழைய பாத்திரங்களை நம்பியிராததால்தான் அது தனக்கென ஓர் உயிர் பெற்றது என்பது என் எண்ணம். (என் தங்கை இதை ஒப்புக்கொள்வதில்லை.)

பழைய நடிகர்களே திரும்பி வந்து மூலத்தை விஞ்சிய தொடர் ஏதும் உண்டாயின், அதன் பெயரையும் தவறாமல் பார்க்கவேண்டிய ஓர் அத்தியாயத்தையும் தெரிவித்து உதவுங்கள்.