மினியேச்சர் முகத்துக்கு அக்ரிலிக் மார்க்கர், ஸ்கின் டோன் எப்படி கொண்டு வர்றீங்க?

மக்களே, 28 எம்எம் ஃபிகர்ல (குட்டி பொம்மை) அக்ரிலிக் மார்க்கர் (பெயிண்ட் நிரப்பின பேனா) வச்சு தோல் நிறம் கொடுத்தவங்க யாராவது இருக்கீங்களா? ட்ரெஸ், பூட்ஸ், பெல்ட்டுக்கெல்லாம் மார்க்கர் அருமை, பிரஷ் கழுவுற தொல்லையே இல்ல. முகம், கைன்னு வந்தா தான் சிக்கல். செட்ல ஸ்கின் கலர்னு வர்றது ஒரே ரோஸ், அடிச்சா முகத்துல பேன்டேஜ் ஒட்டுன மாதிரி தட்டையா நிக்குது, மூக்கு எது கன்னம் எதுன்னே தெரியல. மாநிறம், கருப்பு தோலுக்கு இருக்கிற ஒரே ப்ரவுனும் மரக்கலர் தான் (இதுவே தனியா திட்ட வேண்டிய விஷயம்).

மார்க்கர் முனைய நேரா ஃபிகர்ல வச்சு ப்ளெண்ட் பண்ணலாம்னா பெயிண்ட் சட்டுனு காஞ்சிடுது, அரைகுறையா காஞ்சப்ப மேல இன்னொரு லேயர் போட்டா முனை கீழ இருக்கறதையும் சேர்த்து உரிச்சு எடுத்துடுது, அதனால இப்போ மார்க்கர பேலட்ல அமுக்கி பெயிண்ட இறக்கி, ஓக்கர் (மண் மஞ்சள்), ப்ரவுன், துளி சிவப்பு கலந்து சின்ன பிரஷ்ல வைக்கிறேன். நல்லா தான் வருது, ஆனா அப்புறம் மார்க்கர் எதுக்குன்னு எனக்கே சிரிப்பு வருது.

நிழலுக்கு கருப்பு கலந்தா சேறு மாதிரி ஆகுது, நீலமா பர்ப்பிளா எது போடுறீங்க? காஞ்ச மார்க்கர் மேல ப்ரவுன் வாஷ் (பள்ளத்துல இறங்குற தண்ணியான பெயிண்ட்) நேரா விடலாமா, இல்ல நடுவுல மேட் வார்னிஷ் அடிக்கணுமா? ப்ரைமர் (முதல்ல அடிக்கிற அடிப்பூச்சு) மேட் க்ரே தான், அதுல பிரச்சனை இல்ல. கண்ணுக்கு 0.7 எம்எம் முனையே பெருசா தெரியுது, அதுக்கு பிரஷ் தான் வழியா?

கருமையான தோல் பண்ணவங்க போட்டோ இருந்தா கண்டிப்பா போடுங்க, என்னென்ன கலர் கலந்தீங்கன்னும் சொல்லுங்க ப்ளீஸ்.