கண்கட்டைப் பிரித்ததும் பசுத்தலை: இது எந்தக் கதை?

டாஃப்னி டு மோரியே எழுதிய ஒரு சிறுகதையைத் தேடி அலுத்துவிட்டேன். 2009 வாக்கில், அட்டை கிழிந்த பழைய பேப்பர்பேக் ஒன்றில் படித்தது. கண் ஆபரேஷன் முடிந்து ஒரு பெண்ணுக்குக் கட்டைப் பிரிக்கிறார்கள். எதிரே நிற்கும் நர்ஸுக்கு, சீருடைக்கு மேலே பசுவின் தலை! முகமூடி இல்லை, நிஜத் தலை. அப்புறம் வரும் கணவனுக்குப் பிணந்தின்னிக் கழுகின் தலை.

'தி பேர்ட்ஸ்' உள்ள 1952 தொகுப்பின் ஆறு கதைகளிலும் இல்லை. அதே ஆறு கதைகளை வேறு தலைப்பில் இன்னொரு முறை காசு கொடுத்து வாங்கியதுதான் மிச்சம். வெனிஸ் கதை வரும் 1971 தொகுப்பின் ஐந்திலும் தேடியாயிற்று. இரண்டுக்கும் நடுவில் வந்ததாக இருக்கலாம்.

கதையின் பெயரும் தொகுப்பின் பெயரும் யாருக்காவது தெரியுமா?