பெண்கள் எழுவர் ரக்பி: வட்டாரப் போட்டிக்கு முதலிடமா, பள்ளித் திடலுக்கு முதலிடமா?

கலைச்செல்வி, ஈசூன்

தென்கிழக்காசியப் பெண்களுக்கென்று ஆண்டு தவறாமல் நடக்கும் எழுவர் ரக்பி வெற்றியாளர் போட்டி ஒன்று வேண்டும் என்பதும், அதை முன்னின்று நடத்தும் பொறுப்பைச் சிங்கப்பூர் ஏற்க வேண்டும் என்பதும் என் கருத்து. இதுவரை நம் வட்டாரத்துப் பெண்கள் அணிகள் பெரிய விளையாட்டு விழாக்களை நம்பியே காலம் தள்ளி வந்திருக்கின்றன. அவற்றில் ஒரு விளையாட்டு இடம்பெறுவதும் விலக்கப்படுவதும் விழாவை நடத்தும் நாட்டின் விருப்பத்தைப் பொறுத்தது. 2019இல் பிலிப்பீன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் எழுவர் ரக்பி இருந்தது. வியட்னாமும் கம்போடியாவும் நடத்திய அடுத்த இரண்டு போட்டிகளிலும் அது இல்லை. 2025இல்தான் தாய்லாந்து அதை மீண்டும் சேர்த்தது. 2019இல் 18 வயதாக இருந்த ஒரு வீராங்கனை அடுத்த வாய்ப்பு வருவதற்குள் 24 வயதை எட்டியிருப்பார். ஓட்டத்தையே நம்பியிருக்கும் இந்த ஆட்டத்தில் அந்த ஆறு ஆண்டுகள்தாம் அவருடைய சிறந்த ஆண்டுகள். காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளிலும் இதே நிலைதான். பெண்கள் எழுவர் ரக்பி 2018இல் கோல்ட் கோஸ்டில் அறிமுகமானது. 2026இல் கிளாஸ்கோவுக்கான பட்டியலில் ரக்பியே இல்லை. நமக்கென்று சொந்தமாக ஒரு நாள்காட்டி இல்லாத வரை இந்த நிலை மாறாது.

மாறன், செங்காங்

கலைச்செல்வி அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. வட்டாரப் போட்டி என்பது ஏற்கெனவே வலுவாக உள்ளவரை மேலும் வலுவாக்கும் ஏற்பாடு. 2015இல் நம் சுவா சூ காங் விளையாட்டரங்கில் பெண்கள் தங்கத்தை வென்றது தாய்லாந்து; 2019இலும் தாய்லாந்துதான். தென்னமெரிக்காவில் பிரேசிலின் ஆதிக்கம் எத்தகையது என்றால், 2016 ஒலிம்பிக்கை நடத்திய நாடு என்ற முறையில் பிரேசிலுக்குத் தனியிடம் கிடைத்த பிறகே கொலம்பியாவால் அந்தக் கண்டத்தின் தகுதிச் சுற்றை வென்று ரியோவுக்குப் போக முடிந்தது. ரியோவில் கொலம்பியா ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை.

நம் குறை வேறிடத்தில் இருக்கிறது. பையன்கள் உயர்நிலைப்பள்ளியிலேயே ரக்பியை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்துக்கொண்டு, நான்கு ஆண்டுகள் மண்ணில் புரண்டு பழகிய பிறகே தொடக்கக்கல்லூரிக்குப் போகிறார்கள். பெண்பிள்ளைகளில் பலர், நான் பார்த்தவரை, பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோதான், மோதிப் பிடிக்காமல் தொட்டாலே போதும் என்ற டச் ரக்பியிலிருந்தும் வலைப்பந்திலிருந்தும் இந்த ஆட்டத்துக்கு வருகிறார்கள். ஒருவரை மோதிப் பிடித்து வீழ்த்துவதை 19 வயதில் முதன்முறையாகக் கற்கும் ஒருவரிடம், 12 வயதிலிருந்து அதையே செய்துவரும் ஒருவரை எதிர்கொள்ளச் சொல்கிறோம். அவரை ஆண்டுக்கு ஒரு முறை விமானத்தில் ஏற்றி அனுப்புவதால் இது சரியாகிவிடாது. இரண்டு நாள் போட்டிக்கு ஆகும் செலவில் எத்தனையோ பள்ளிகளுக்குப் பயிற்றுநரை அனுப்பலாம்.

நூர்ஜஹான், பிடோக்

மாறன் அண்ணன் சொல்லும் பள்ளிப் பிரச்சினையை நானும் அறிவேன். வார இறுதிகளில் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறேன். அந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்: உள்ளூர்ப் பயிற்சியில் கற்றுத்தரவே முடியாத சில உண்டு.

எழுவர் ஆட்டத்தில் புள்ளி எடுத்த அணியே மீண்டும் பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். பதினைவர் ஆட்டத்தில் இது நேர்மாறு. ஆகவே புள்ளியை விட்டுக்கொடுத்த அணிக்குத்தான் பந்து கிடைக்க வேண்டும். ஆனால் உதைக்கும் பெண் பந்தைத் தரையில் ஒரு முறை தட்டவிட்டு, ஏறக்குறைய பத்து மீட்டர்க் கோட்டுக்கு நேர்மேலே உயர்த்தி அடிக்கிறார். அது இறங்குவதற்குள் அவருடைய தோழியர் இருவர் அந்த இடத்துக்கு ஓடிவந்து விடுகிறார்கள். நம் வீராங்கனை அண்ணாந்து பார்த்தபடி நிற்க, ஓடிவந்தவர் எழும்பி விரல் நுனியால் பந்தைப் பின்னால் தள்ளிவிடுகிறார். மறுபடியும் பந்து அவர்களிடம், மறுபடியும் ட்ரை, அதாவது நம் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து எடுக்கும் புள்ளி. ஏழு நிமிடப் பாதியில் இது மூன்று முறை நடந்தால் ஆட்டம் முடிந்தது. அந்த உயரத்துக்கு, அந்த வேகத்தில் ஓடிவரும் எதிரணியைப் பழக்கமான நம் மன்றங்களுக்குள் எங்கே தேடுவது? தாய்லாந்துப் பெண்களிடம் பலமுறை தோற்றுத்தான் அதைக் கற்க வேண்டும்.

வட்டாரப் போட்டிகளில் வரிசை மாறுவதில்லை என்பதும் சரியன்று. ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் பெண்களுக்கான எழுவர் ரக்பி, ஆண்களுக்குத் தொடங்கி 12 ஆண்டுகள் கழித்து, 2010இல்தான் தொடங்கியது. முதல் தங்கம் கஸக்ஸ்தானுக்கு. 2014இல் சீனா, 2018இல் ஜப்பான், 2023இல் ஹாங்ஜோவில் மீண்டும் சீனா. முதல் மூன்று போட்டிகளிலும் பதக்க மேடை ஏறிய கஸக்ஸ்தான் ஹாங்ஜோவில் பதக்கமின்றித் திரும்பியது. வெண்கலம் ஹாங்காங்குக்குப் போனது. நடுவில் பெரும்பாலான ஆண்டுகளில் நடந்த ஆசியத் தொடரில் இவர்கள் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டே இருந்ததற்கு இதில் பெரிய பங்குண்டு என்று நினைக்கிறேன்.

தேவராஜன், குவீன்ஸ்டவுன்

மூவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2016 முதல் தேசிய விளையாட்டரங்கில் எழுவர் ரக்பி உலகச் சுற்றின் ஆண்கள் ஆட்டங்கள் நடந்துவந்தன. 2024 மே மாதத்தில்தான் பெண்கள் அணிகளும் வந்தன. இறுதியாட்டத்தில் நியூசிலாந்து 31-21 என்று ஆஸ்திரேலியாவை வென்றது. உலகின் முதல் இரண்டு அணிகள் நம் வீட்டு வாசலுக்கே வரும்போது, அதே வாரத்தில் நம் பெண்கள் அணிக்கு அவர்களோடு பயிற்சி ஆட்டங்களுக்கு ஏற்பாடு செய்தால் போதாதா? தனிப் போட்டி எதற்கு?

கலைச்செல்வி, ஈசூன்

தேவராஜன் ஐயா, நியூசிலாந்துடன் ஒரு நாள் பயிற்சி என்பது நினைவில் நிற்கும் அனுபவமாக இருக்கும். ஆனால் வளர்ச்சிக்கு வேண்டியது, நம்மைவிட ஒரு படி மேலே உள்ள அணியோடு மீண்டும் மீண்டும் ஆடுவது. இப்போது உலகச் சுற்றின் அமைப்பே அப்படித்தான் மாறியிருக்கிறது. 2025-26 பருவத்திலிருந்து மேல்நிலையில் எட்டு அணிகள், அடுத்த நிலையில் ஆறு, மூன்றாம் நிலையில் வட்டாரங்களிலிருந்து தேர்வாகும் எட்டு அணிகள். அதாவது, அடிப்படியில் கால்வைக்கும் வழியே வட்டாரப் போட்டிதான்.

வட்டாரப் போட்டியை நாம் எப்படி மதிக்கிறோம் என்பதும் முக்கியம். தென்னாப்பிரிக்கப் பெண்கள் அணி ரியோவுக்கும் தோக்கியோவுக்கும் முன்பு ஆப்பிரிக்கத் தகுதிச் சுற்றை வென்றது. ஆனால் அவர்களுடைய ஒலிம்பிக் குழு, கண்ட அளவிலான வெற்றியைத் தகுதியாக ஏற்க மறுத்துவிட்டது. இரண்டு முறையும் இரண்டாமிடத்தில் வந்த கென்யா போனது. தென்னாப்பிரிக்கப் பெண்கள் தோற்கவில்லை. வென்றும் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கொள்கை மாறிய பிறகு, 2023இல் துனீசியாவின் மொனாஸ்டிரில் வென்ற அணியே பாரிசுக்குப் போனது. வட்டார வெற்றி என்றால் "அது என்ன பெரிய வெற்றி" என்று கேட்கும் மனப்போக்கு எத்தனை வீராங்கனைகளின் காலத்தை விழுங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மாறன் அவர்களின் வாதத்திலும் அந்தச் சாயல் இருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

மாறன், செங்காங்

வட்டார வெற்றியை நான் சிறிதாகக் கருதவில்லை. 2023 நவம்பரில் ஒசாகாவில் ஜப்பானிடம் ஆசிய இடத்தை இழந்த சீனப் பெண்கள், அடுத்த ஜூனில் மொனாக்கோவில் நடந்த கடைசித் தகுதிச் சுற்றில் வென்று பாரிசுக்குப் போனார்கள். ஒரு வாய்ப்பு போனால் அடுத்ததைப் பிடிக்கும் ஆற்றல் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? சிறு வயதிலிருந்தே முறையாகப் பயிற்சி பெற்ற வீராங்கனைகள் அவர்களிடம் நிறைய இருக்கிறார்கள். நம்மிடமோ பன்னிருவர் கொண்ட அணியில் இருவருக்கு முழங்கால் காயம் என்றால் அவர்களுடைய இடத்தை நிரப்ப ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. நூர்ஜஹான் விவரித்த அந்த உயரப் பந்தை 14 வயதிலேயே பழகிய பெண்கள் நம்மிடம் முப்பது பேர் இருந்தால், தாய்லாந்திடம் தோற்றுத்தான் கற்க வேண்டும் என்ற நிலை வராது.

ஆண்டுதோறும் போட்டி வேண்டும் என்பதில் நீங்கள் உறுதியாக இருந்தால், நான் ஒரு நிபந்தனை கேட்பேன். கலந்துகொள்ளும் ஒவ்வொரு நாடும் பெரியவர்கள் அணியோடு 18 வயதுக்குட்பட்ட பெண்கள் அணியையும் அழைத்து வர வேண்டும். அப்போது பள்ளிகளைத் தேடிப்போக வேண்டிய கட்டாயம் ஒவ்வொரு ரக்பி சங்கத்துக்கும் தானாகவே வரும். அந்த நிபந்தனை இல்லாத போட்டிக்கு என் ஆதரவு இல்லை.

நூர்ஜஹான், பிடோக்

இளையர் அணி யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது; கட்டாயம் என்பதுதான் இடிக்கிறது. லாவோஸை எடுத்துக்கொள்ளுங்கள். "பாஸ் இட் பேக்" என்ற திட்டத்தின் வழியாக அங்கே சிற்றூர்ச் சிறுமிகள் பலர், மோதிப் பிடிப்பதற்குப் பதிலாக இடுப்புப் பட்டையைப் பறிக்கும் டேக் ரக்பி ஆடுகிறார்கள். நீங்கள் கேட்கும் அடித்தளத்தை அவர்கள் நமக்கு முன்பே இட்டுவிட்டார்கள். ஆனால் இரண்டு அணிகளுக்கு விமானச் சீட்டு வாங்கும் வசதி அவர்களுக்கு இருக்குமா? உங்கள் நிபந்தனையால் முதலில் வெளியேறுவது அடித்தளம் உள்ள நாடாக இருந்துவிடக் கூடாது.

என் மாற்று யோசனை இது: பெரியவர்கள் போட்டியை எல்லார்க்கும் திறந்து வையுங்கள். இளையர் அணியை அழைத்து வரும் கட்டாயம், போட்டியை நடத்தும் நாட்டுக்கும் முந்தைய ஆண்டு முதல் இரண்டு இடங்களில் வந்த நாடுகளுக்கும் மட்டும் இருக்கட்டும். வசதி குறைந்த நாட்டின் இளையர் அணிக்குத் தங்குமிடத்தையும் உணவையும் போட்டியை நடத்தும் நாடு தரட்டும். முதல் ஆண்டு நாமே நடத்துவதானால், அந்தச் செலவை எங்கிருந்து எடுப்பது என்று மாறன் அண்ணனும் கலைச்செல்வி அக்காவும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டு இங்கே பதிவிடுங்கள்.