கிட்டப்பா – சுந்தராம்பாள் தர்க்கக் காட்சி: 25 நிமிட மேடைக்குச் சுருதி, காட்சி வரிசை, ஒப்பனை?

கேள்வி: தேக்கா_தெற்கு

வணக்கம். சமூக மன்ற அரங்கில், நாடக நடிகரும் பாடகருமான எஸ்.ஜி.கிட்டப்பாவின் மேடை வாழ்க்கையைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. இருக்கைகள் ஏறக்குறைய 200. முதல் பாதி பேச்சு, படங்கள், இசைத்தட்டு. இரண்டாம் பாதியில் ‘வள்ளி திருமணம்’ நாடகத்திலிருந்து வேடன் – வள்ளி தர்க்கத்தை (பாட்டும் வசனமுமாக நடக்கும் வாக்குவாதம்) 25 நிமிடம் நடித்துக் காட்ட வேண்டும். வேடனாக வருபவர் 1½ கட்டையில் பாடுபவர், வள்ளி 5½ கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடக் கூடச் சுருதி உயரும்). ஒரு கைப்பெட்டி (கையால் துருத்தி அடிக்கும் ஆர்மோனியம்), ஒரு மிருதங்கம் இருக்கின்றன.

சந்தேகங்கள்: கிட்டப்பா ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடினார் என்கிறார்களே, எங்கள் வேடனையும் அங்கே ஏற்றிப் பாடவைக்கலாமா? 25 நிமிடத்துக்கு எந்தக் கட்டங்களை எடுப்பது? மைக் வைப்பதா வேண்டாமா? அக்காலத்து ஒப்பனைக்கு அரிதாரம் தேடிக்கொண்டிருக்கிறோம், இங்கே எங்கே கிடைக்கும்?

பதில் 1: பெட்டி_வாசிப்பு

ஏற்றவே ஏற்றாதீர்கள். 1½-லிருந்து 5-க்குப் போவது ஆறு அரைச்சுரம் தள்ளுவது. 1½ கட்டையில் ஆதார ஷட்ஜம் (பாட்டுக்கு அடிப்படையான ‘ச’ சுரம்) ஏறக்குறைய 139 ஹெர்ட்ஸ். அவர் மேல் பஞ்சமத்தைத் தொட்டால் 415. ஐந்து கட்டையில் ஆதாரமே 196, மேல் ஷட்ஜம் 392, மேல் பஞ்சமம் 587. அதாவது இப்போது உங்கள் வேடன் கழுத்து நரம்பு புடைக்க எட்டிப்பிடிக்கும் உச்சத்துக்குப் பக்கத்தில்தான் ஐந்து கட்டைக்காரரின் மேல் ஷட்ஜம் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும். இரண்டு வார ஒத்திகையில் வருகிற காரியமில்லை. மூன்றாம் நாள் தொண்டை கட்டும், நிகழ்ச்சியன்று கள்ளக்குரல்தான் (இயல்பல்லாத மெல்லிய பொய்க்குரல்) மிஞ்சும்.

ஒரு ஆண் ஏன் அவ்வளவு மேலே பாடினார் என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் காட்சியின் மற்ற சிக்கல்களும் அவிழும். மைக் இல்லை, கொட்டகையில் ஆயிரக்கணக்கில் கூட்டம், கடைசி வரிசை வரை சொல் போய்ச் சேர வேண்டும் என்பது எல்லாரும் சொல்லும் காரணம். அது சரிதான். ஆனால் தர்க்கக் காட்சிக்கு இன்னொரு காரணம் முக்கியம். பெண்கள் பாடுவது பொதுவாக ஐந்து, ஐந்தரைக் கட்டையில். ராஜபார்ட்டும் (கதாநாயக வேடக்காரர்) அந்த உயரத்துக்குப் பக்கத்தில் பாடினால் இருவருக்கும் ஒரே ஆதார ஷட்ஜம். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கலாம், பெட்டிக்காரர் விரலை மாற்ற வேண்டியதில்லை, மிருதங்கம் ஒரே சுருதியில் நிற்கும். கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் சேர்ந்தால் அனல் பறந்ததற்கு, குரல் வளத்தோடு, இந்தச் சுருதிப் பொருத்தத்துக்கும் பங்கு உண்டு என்பேன். பாட்டுக்குப் பாட்டு இரண்டு விநாடி சுருதி மாற்றும் இடைவெளி விழுந்தால் தர்க்கம் தர்க்கமாக இருக்காது, ரேடியோ நிலையம் மாற்றுவது போலிருக்கும்.

உங்கள் இருவருக்கும் அந்த வசதி இல்லை. ஆனால் நல்ல காலம், 1½-உம் 5½-உம் ஒன்றுக்கொன்று பஞ்சம உறவு. வேடனின் பஞ்சமம்தான் வள்ளியின் ஷட்ஜம். ஆகவே 5½ கறுப்புக் கட்டையைக் காட்சி முழுக்க விடாமல் அழுத்தி வையுங்கள். வேடன் பாடும்போது மட்டும் 1½-ஐச் சேருங்கள், வள்ளி எடுக்கும்போது அதை விட்டுவிடுங்கள். விடாமல் வைத்தால் அது வள்ளிக்குச் சுத்த மத்தியமமாக ஒலிக்கும். காம்போதி, செஞ்சுருட்டி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கல்யாணி என்றால் பிரதி மத்தியமத்தோடு முட்டும். மோகனத்தில் மத்தியமமே கிடையாது, ராகமே வேறு முகம் காட்டும்.

மிருதங்கம் ஒன்றுதான் என்றால் 5½-க்குச் சேர்த்த சிறு வாய் மிருதங்கமாக இருக்கட்டும். வேடன் பாடும்போது அது பஞ்சமத்தில் நிற்கும், காதுக்கு உறுத்தாது. 1½-க்குச் சேர்க்கும் பெரிய வாயை இழுத்து 5½-க்கு ஏற்றப் பார்த்தால் வார் அறும், இல்லையேல் தட்டு கிழியும்.

கைப்பெட்டி பற்றி ஒன்று. நம்மூர் ஈரப்பதத்தில் ரீடு ஒட்டிக்கொண்டு ஒரு கட்டை ஊமையாகும், அல்லது அழுத்தாமலே கத்தும். குளிர்சாதன அரங்கில் இரண்டு மணி நேரம் முன்பே மூடியைத் திறந்து வைத்து, துருத்தியை மெதுவாக அடித்து, எல்லாக் கட்டையையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அந்தக் காலத்து நாடகங்களில் கால் பெட்டி உண்டு. மிதித்து வாசிப்பதால் இரண்டு கையும் மேலே இருக்கும், சத்தமும் கூட. கிட்டப்பாவுக்கு அவர் அண்ணன் காசி ஐயர் பெட்டி வாசித்தார். பாடுகிறவர் அடுத்து எங்கே போவார் என்பது வீட்டிலிருந்தே தெரிந்த கை. உங்கள் வாசிப்பாளருக்கு அந்தப் பழக்கம் இருக்காது, ஆகவே ஒத்திகையில் பாதி நேரத்தை அவருக்குக் கொடுங்கள்.

பதில் 2: வசனப்_புத்தகம்

மேலே சொன்ன சுருதிக் கணக்கு அருமை. நிகழ்ச்சியில் கிட்டப்பாவை ‘ஸ்பெஷல் நாடக நடிகர்’ என்று மட்டும் அறிமுகப்படுத்திவிடாதீர்கள், வழக்கமாக நடக்கும் தவறு அது. அவருடைய மேடை வாழ்க்கை மூன்று விதமான அமைப்புகளைத் தாண்டி வந்தது.

செங்கோட்டையில் 1906 ஆகஸ்ட் 25-இல் பிறந்தவர், இயற்பெயர் ராமகிருஷ்ணன். சிறுவயதிலேயே சகோதரர்களோடு, நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவுக்கு வந்தவர். அது பாடசாலை மாதிரி: வாத்தியார் சொல்லிக்கொடுப்பார், பையன்கள் பாடம் பண்ணுவார்கள், ஒரு பையனுக்கு உடம்பு சரியில்லை என்றால் இன்னொருவன் ஏற வேண்டும், எனவே எல்லாருடைய பாடமும் எல்லாருக்கும் தெரியும். அடுத்தது கன்னையா கம்பெனி. அங்கே நிலையான குழு, பெரிய சீன், தந்திரக் காட்சி, ‘தசாவதாரம்’ போன்ற பிரம்மாண்டம். மூன்றாவதுதான் ஸ்பெஷல்: நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி ஒரு ராத்திரிக்குக் கூட்டுவது. 1926-இல் இலங்கையில் அவரும் சுந்தராம்பாளும் சேர்ந்து நடித்ததும், 1927-இல் திருமணம் செய்துகொண்டதும் இந்தக் கட்டத்தில். 1933 டிசம்பர் 2-இல் காலமானபோது வயது 27.

பையன்கள் கம்பெனியில் பெரிய கண்டம் மகரக்கட்டு. 13, 14 வயதில் குரல் உடைந்தால் நேற்று வரை ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) போட்டவன் இன்றைக்குப் பின்பாட்டுக்கும் ஆகமாட்டான். பலரும் அங்கேயே பெட்டிக்கோ, ஒப்பனை அறைக்கோ, ஊருக்கோ போய்விட்டார்கள். அதைத் தாண்டியும் உச்சஸ்தாயி குறையாமல் நின்றதுதான் கிட்டப்பாவின் வாழ்க்கையைத் தீர்மானித்த விஷயம். பேச்சுப் பகுதியில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

இனி காட்சி. ஒத்திகையே இல்லாமல் இரண்டு பேர் எப்படி விடிய விடியத் தர்க்கம் செய்தார்கள்? சங்கரதாஸ் சுவாமிகளின் பாடம் இருவருக்கும் பொது. அவர் 1922-லேயே மறைந்துவிட்டாலும் பாட்டும் விருத்தமும் எல்லா நடிகர் வாயிலும் இருந்தன. வசனம்தான் அன்றன்றைக்குப் பிறக்கும். வரிசை இப்படி ஓடும்: விருத்தம் (தாளமில்லாமல் இழுத்துப் பாடும் செய்யுள்), பிறகு பாட்டு, பிறகு வசனத்தில் கேள்வி. பதில் சொல்பவர் கேள்வியின் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லித் தொடங்குவார். “மான் வந்ததா?” என்றால் “மானா? எந்த மான்?” அந்தத் திருப்பிச் சொல்லும் இடைவெளியில் அவர் அடுத்த பாட்டை யோசித்துவிடுவார், பெட்டிக்காரரும் பிடித்துவிடுவார். பாட்டு வரப்போகிறது என்பதற்கு அடையாளம் வசனம் இழுபட்டுச் சுருதியில் சேர்வது. பெட்டிக்காரர் முதல் நாலு சுரத்தைக் கொடுப்பார், எடுப்பு அங்கே.

இதில் எங்கே கெடும் என்றால், இரண்டு பேர் இரண்டு பதிப்பை மனப்பாடம் செய்திருக்கும்போது. அச்சுப் பிரதிகளில் பாட்டு வரிசை ஒன்றுபோல் இல்லை. வேடன் ஒரு பாட்டுக்குப் பதிலை எதிர்பார்த்து நிற்பார், வள்ளியிடம் அந்தப் பாட்டே இருக்காது. ஆகவே ஒரே பிரதியை எடுத்து இருவருக்கும் நகல் கொடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ‘இதற்குப் பதில் இது’ என்று எண் போடுங்கள்.

25 நிமிடத்தை நான் இப்படி வெட்டுவேன். பபூன் வந்து சபையை வணங்கிக் காட்சியை அறிவிக்க 2 நிமிடம். வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் (பறவை விரட்டும் பாட்டு) பாட 4. வேடன் நுழைவு விருத்தம், பாட்டு சேர்த்து 5. தர்க்கம் 11, அதில் ஐந்து மாற்றுக்கு மேல் போகாதீர்கள். ஒரு பாட்டுக்கு ஒன்றேகால் நிமிடம், ஒரு வசனத்துக்கு முக்கால் நிமிடம் என்று வைத்தால் பத்து நிமிடம் ஆகிவிடும், மீதி ஒரு நிமிடம் கைதட்டலுக்கு. கடைசி 3 நிமிடம் வேடன் மறைவது. கிழவன் வரும் கட்டத்தைத் தொடாதீர்கள். தேனும் தினைமாவும் விக்கலும் வந்தால் சிரிப்பு நன்றாக வரும், ஆனால் அதற்கு மட்டுமே 20 நிமிடம் தின்றுவிடும். நாரதர் தர்க்கமும் வேண்டாம், அது தனிச் சமாச்சாரம்.

‘ஒன்ஸ் மோர்’ கேட்க ஆள் வைக்க நினைத்தால் ஒரே ஒரு பாட்டுக்கு வையுங்கள். எந்தப் பாட்டு என்பது பெட்டிக்கும் மிருதங்கத்துக்கும் முன்பே தெரிய வேண்டும்.

பதில் 3: சைடுதட்டி

அரிதாரம் தேடுவதை இன்றோடு நிறுத்துங்கள். அது ஆர்சனிக் கலந்த மஞ்சள் கனிமம், நஞ்சு. ‘அரிதாரம் பூசியவர்’ என்று நடிகரைச் சொல்லும் வழக்கு மட்டும் இருக்கட்டும், பொருள் வேண்டாம். மேடை ஒப்பனைக்கான மஞ்சள் நிறக் கிரீம் போதும். வெள்ளைக்கு ஜிங்க் ஆக்சைடு சேர்ந்த அடித்தளம். எண்ணெயில் குழைத்துப் பூசினால் மேலே பவுடர் ஒற்ற வேண்டும், இல்லாவிட்டால் பாட்டு உச்சத்துக்குப் போகையில் வேர்த்து, புருவ மை கன்னத்துக்கு வந்துவிடும்.

அக்கால ஒப்பனை ஏன் அவ்வளவு தடிமன் என்றால் வெளிச்சம் கீழிருந்தும் வந்தது, மங்கலாகவும் இருந்தது. காஸ் விளக்கோ பெட்ரோமாக்ஸோ மேடை விளிம்பில் இருந்தால் நிழல் மேல்நோக்கி விழும், கண்குழி கறுத்துவிடும். அதை வெட்டத்தான் கண்ணைச் சுற்றி வெள்ளையும் தடித்த மையும். மன்ற அரங்கின் மேல்விளக்கில் அதே ஒப்பனையைப் போட்டால் கோமாளி மாதிரி தெரியும். இரண்டு வழி: ஒப்பனையைப் பாதியாகக் குறையுங்கள், அல்லது மேல்விளக்கைக் குறைத்து, மேடை விளிம்பில் மஞ்சள் சாயல் எல்இடி பட்டை நாலைத் தரையில் வைத்து மேல்நோக்கித் திருப்புங்கள். 2700 முதல் 3000 கெல்வின் வரை உள்ள விளக்கு அந்த நிறத்துக்கு நெருங்கும். நிஜ நெருப்பு வேண்டாம், அரங்கக்காரர் விடவும் மாட்டார்.

பின்னால் காட்டுச் சீன் ஒன்று போதும். வரைந்த படுதா கிடைக்காவிட்டால் அச்சடித்த துணி. பளபளக்கும் பிளாஸ்டிக் பேனர் மட்டும் வேண்டாம், விளக்கு அதில் கண்ணாடி மாதிரி அடிக்கும். துணியின் கீழ்விளிம்பில் ஒரு குழாயைக் கோர்த்தால் குளிர்சாதனக் காற்றில் ஆடாது.

மைக்: 200 பேர் அரங்கில் வள்ளி 5½-இல் மைக் இல்லாமல் கேட்கும். வேடன் 1½-இல் கீழே போகும்போது பெட்டி அவரை முழுங்கிவிடும். காதில் மாட்டும் மைக் தெரிந்தால் 1920-கள் கலைந்துவிடும், எனவே மேடை விளிம்பில் தரை மைக் இரண்டு, பார்வைக்குத் தெரியாமல். பெட்டிக்கு மைக்கே வேண்டாம். பெட்டியும் மிருதங்கமும் மேடையின் ஒரு பக்கமாக, நடிகர் முகம் தெரியும்படி உட்கார வேண்டும். முதுகு தெரியும்படி வைத்தால் மேலே சொன்ன ‘வசனம் சுருதியில் சேரும்’ அடையாளத்தை அவர் பார்க்கவே முடியாது.

பொதுமேடை என்பதால் ஐஎம்டிஏ (சிங்கப்பூரின் தகவல்தொடர்பு ஊடக ஆணையம்) அனுமதியும் உண்டு. வசனம் அன்றன்றைக்குப் பிறக்கும் என்று எழுதிக்கொடுக்க முடியாது, முழுப் பிரதியாகத் தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளுங்கள். மன்றமே விண்ணப்பிக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

தேக்கா_தெற்கு

மூவருக்கும் மிக்க நன்றி. 5½-ஐ மட்டும் பிடித்துப் பார்த்தோம், சரியாக உட்காருகிறது. இன்னும் ஒன்று: பேச்சுப் பகுதியில் கிட்டப்பாவின் இசைத்தட்டைப் போட்டு, ‘இதோ ஐந்தரைக் கட்டை’ என்று பெட்டியில் ஒத்துக் காட்ட ஆசை. இணையத்தில் கிடைக்கும் ஒரே பாட்டின் இரண்டு பதிவுகள் இரண்டு சுருதியில் இருக்கின்றன. எது சரி?

பெட்டி_வாசிப்பு

அந்த ஒத்துக்காட்டலைச் செய்யாதீர்கள். ‘78 தட்டு’ என்று பெயர்தானே தவிர, அந்தக் காலத்தில் 80 சுற்றில் பதிந்த தட்டுகளும் உண்டு. 80-இல் பதிந்ததை 78-இல் ஓட்டினால் ஏறக்குறைய அரைச்சுரத்தில் பாதி இறங்கிவிடும். எண்மமாக்கியவரின் தட்டுமேசை வேகம் இன்னும் கொஞ்சம் பிசகினால் அரைக் கட்டை போய்விடும். போதாததற்கு, அன்று பதிவறையில் இருந்த பெட்டியே இன்றைய 440 கணக்குக்குச் சேர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு பதிவில் எதையும் ‘சரி’ என்று சத்தியம் செய்ய வழியில்லை. குரலின் இயல்பை வைத்து ஓரளவு ஊகிக்கலாம்: வேகம் கூடியிருந்தால் கமகம் படபடக்கும், சொற்களில் ‘ச’, ‘ஸ’ கூர்மையாகக் கீறும்.

அதற்குப் பதில் வேறொன்று காட்டுங்கள். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம்தான். மேடையில் கால்மணி நேரம் பாடியதை அதற்குள் அடக்க வேண்டும். அவர் பாடிய தியாகராஜர் கீர்த்தனை ‘எவரனி’ தட்டைப் போட்டு, எங்கே சங்கதிகளை (ஒரே வரியின் இசை வேறுபாடுகள்) நெருக்குகிறார், எங்கே சட்டென்று மேலே தாவுகிறார் என்று நிறுத்தி நிறுத்திக் கேட்கவையுங்கள். தெலுங்குக் கீர்த்தனைக்கும் நாடகக் கொட்டகையில் இடமிருந்தது என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

சைடுதட்டி

ஒரு சின்னச் சேர்க்கை. அவர் பேசும் படம் எதிலும் நடிக்கவில்லை. முதல் தமிழ்ப் பேசும் படம் வந்தது 1931, அவர் போனது 1933. எனவே அவருடைய கை அசைவு, நடை எதற்கும் ஆதாரம் இல்லை, நிழற்படம் மட்டும்தான். உங்கள் வேடன் பிற்காலத் திரைப்பட வள்ளி கதைகளைப் பார்த்து நடையைப் பழக வேண்டாம், அது கேமராவுக்கான நடை. பாடும்போது சபையை நேராகப் பார்த்து நில்லுங்கள், வசனத்துக்கு மட்டும் முக்கால் திரும்பி வள்ளியைப் பாருங்கள். தரை மைக்குக்கும் அதுதான் வசதி.